கொக்கு அண்ணனுக்குத் தொண்டை கட்டியது

அன்று காலை பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போது கொக்கு அண்ணன் ஒரு மாபெரும் முடிவுக்கு வந்தார். இந்த நிமிடம் முதல் தனக்குக் குரல் கிடையாது.

பேசிப் பிழைக்கிற மனுஷன் எடுக்கிற முடிவா இது என்று கேட்பீர்கள். கடலோரத்து உப்புச் சதுப்புக்குள் சுற்றுலாப் படகு விடுகிறார்களே, அதில் மைக்கைப் பிடித்துக்கொண்டு முன்னால் நின்று, 'இடது பக்கம் பாருங்க, வலது பக்கம் பாருங்க' என்று சொல்லும் வழிகாட்டி அவர். இருபத்திரண்டு வருடமாக அதே வேலை, தினம் மூன்று நடை. ஆள் நெடுநெடுவென்று, கழுத்தை முன்னால் நீட்டியபடி நிற்பார். அதனால் படகுத் துறையில் அவர் கொக்கு அண்ணன். பெற்றவர்கள் வைத்த பெயர் அடையாள அட்டையில் மட்டும் பத்திரமாக இருக்கிறது.

அவருக்கு ஒரே ஒரு ஏக்கம். படகின் முன்வரிசையில், ஓரமாக, ஒரு இடம். அங்கே யார் உட்காரப் போனாலும் விடமாட்டார். அது அவர் மனைவிக்கு. இருபத்திரண்டு வருடத்தில் அவள் ஒரு தடவைகூட வரவில்லை. தான் பேசுவதை அவள் எதிரே உட்கார்ந்து கேட்கவேண்டும், முடிந்ததும் 'பரவாயில்லையே' என்று ஒரு வார்த்தை சொல்லவேண்டும். அவ்வளவுதான் கேட்டார். முன்பின் தெரியாதவர்கள் எல்லாம் கைதட்டிவிட்டுப் போகிறார்கள். கட்டியவள் தட்டவில்லை என்றால் மனசு என்ன பாடுபடும்?

இந்த ஏக்கத்தை அவர் ஒளித்ததும் இல்லை. சதுப்பின் கடைசி வளைவில், கரையோர வீடுகளில் ஏதோ ஒரு மொட்டை மாடியில் ஒரு சிவப்புத் துணி ஆடும். அது கண்ணில் பட்டதும் எஞ்சினை நிறுத்தவேண்டும் என்பது படகோட்டிக்கு நிரந்தர உத்தரவு. "அந்த வீட்டுக்காரங்க ரொம்ப சுத்தம் போல, தினமும் போர்வை துவைக்கிறாங்க" என்று ஒரு ஜோக். பிறகு குரலை இறக்கிக்கொண்டு, "இந்த இடம் ஏன் காலியா இருக்குன்னு கேப்பீங்க. ஒருத்தங்களுக்காக வெச்சிருக்கேன். அவங்க இங்க வந்து உக்காந்தாதான் இந்தச் சதுப்பை நான் முழுசாப் பாத்த மாதிரி" என்பார். பயணிகளில் பாதிப்பேர் மூக்கை உறிஞ்சுவார்கள். படகோட்டி கொட்டாவி விடுவான்.

ஊருக்கெல்லாம் ஒலிபெருக்கியில் சொன்னவர் வீட்டில் கூப்பிடும் அழகே தனி. செய்தித்தாளிலிருந்து கண்ணை எடுக்காமல், "நாளைக்கு ஒரு சீட்டு காலியா இருக்கு. வேணும்னா வா" என்பார்.

"தண்ணியப் பாத்தா எனக்குத் தலை சுத்தும்."

அடுத்த மாதம் கேட்டால், "துணி காயப் போடணும்."

ரெண்டு பேர் இருக்கிற வீட்டில் அப்படி என்ன துணி என்று அவர் போய்ப் பார்த்ததில்லை. மொட்டை மாடிப் பக்கம் அவர் தலைவைத்துக்கூடப் படுத்ததில்லை.

ஆகையால் இந்தத் திட்டம். குரல் போய்விட்டது என்று சொல்வது. எழுதிக் கொடுத்ததைப் படித்தால் போதும் என்று அவளைப் படகில் ஏற்றுவது. முதல் வளைவு தாண்டியதும் குரல் அதிசயமாகத் திரும்பி வரும். அவள் அந்த இடத்தில் உட்கார்ந்துதான் ஆகவேண்டும். நடுத் தண்ணீரில் இறங்கியா போய்விடுவாள்?

திட்டத்தில் ஒரே ஒரு ஓட்டை. முடிவெடுப்பதற்குப் பத்து நிமிடம் முன்புதான், பால் பாத்திரத்தில் வாய் வைத்த பூனையை அவர் தெரு அதிரத் திட்டியிருந்தார். அது அவருக்கு மறந்துபோயிற்று.

சமையலறைக்குப் போய் ஒரு காகிதத்தை நீட்டினார். 'தொண்டை போச்சு.'

அவள் படித்தாள். அவரை மேலும் கீழும் பார்த்தாள். "அடடா. லீவு போட்டுடுங்க."

'முடியாது. பன்னிரண்டு பேர் வர்றாங்க.'

"அதுக்கு நான் என்ன பண்ணணும்?"

'நீ வந்து படிக்கணும். நான் எழுதித் தர்றேன்.'

"எனக்குத் தலை சுத்துமே."

கொக்கு அண்ணன் முகத்தைப் பாவமாக வைத்துக்கொண்டார். அதற்குப் பெரிய முயற்சி தேவைப்படவில்லை.

"சரி, வரேன்" என்றாள். "துணியக் காயப் போட்டுட்டு வந்துடறேன். அதுக்குள்ள நீங்க உப்புத் தண்ணியில கொப்பளிங்க. நல்லா இருபது தடவை."

இருபத்திரண்டு வருடத்தில் முதல் முறையாக வருகிறேன் என்று சொல்லிவிட்டாள். அந்தச் சந்தோஷத்தில் கடலையே கொடுத்திருந்தாலும் கொப்பளித்திருப்பார்.

படகுத் துறையில் முதலாளியம்மா விஷயத்தைக் கேட்டுப் பதறினாள். மனைவி ஒன்றுக்கு இரண்டாகச் சொன்னாள். "மருந்துக்கடையில கேட்டேன். இப்ப ஒரு வார்த்தை பேசினாக்கூட குரல் ஒரேயடியாப் போயிடுமாம்."

மருந்துக்கடைக்கு எப்போது போனாள் என்று கொக்கு அண்ணன் யோசித்தார். கேட்க வாயில்லை.

பயணிகளில் ஓய்வுபெற்ற நர்ஸ் ஒரு அம்மா இருந்தார். நோயாளி என்ற சொல் காதில் விழுந்ததுமே அவர் பணிக்குத் திரும்பிவிட்டார். "ஐயா, நீங்க என் கண்ணு முன்னாடி உக்காருங்க. வாயத் திறக்கக் கூடாது."

"இங்க உக்காரட்டும்" என்று மனைவி முன்வரிசைக் காலி இடத்தைக் காட்டினாள். இருபத்திரண்டு வருடமாக யாரையும் உட்கார விடாமல் காத்த இடத்தில் கொக்கு அண்ணன் தானே உட்கார்ந்தார்.

அவர் எழுதித் தந்த நாலு பக்கத்தையும் அவள் நாலாக மடித்து இடுப்பில் செருகினாள். மைக்கை எடுத்தாள். ஊதிப் பார்க்கவில்லை, கனைக்கவில்லை.

"வணக்கம். இப்ப நாம போற ஓடையில ஒரு நாளைக்கு ரெண்டு தடவை கடல் உள்ள வரும், ரெண்டு தடவை வெளிய போகும். வீட்டுக்குச் சாப்பிட வர்ற ஆம்பளைங்க மாதிரி."

அது அவருடைய முதல் வரி. கடைசி ஐந்து சொல் மட்டும் அவருடையது இல்லை. எல்லோரும் சிரித்தார்கள்.

முதல் வளைவு தாண்டியது. குரல் திரும்பவேண்டிய நேரம். "அ..." என்று ஆரம்பித்தார்.

"ஐயா" என்றார் நர்ஸ்.

கொக்கு அண்ணன் வாயை மூடிக்கொண்டார்.

சேற்றுத் திட்டில் நண்டுகள். ஒரு கொடுக்கு ஊசி மாதிரி, இன்னொரு கொடுக்கு உடம்பை விடப் பெரிதாக. "இதுல ஆண் நண்டு நாள் பூரா பெரிய கைய ஆட்டி ஆட்டிக் கூப்பிடும், பெண் நண்டு கண்டுக்கவே கண்டுக்காது, எங்க வீட்டுக் கதைதான்னு எங்க வீட்டுக்காரர் இந்த இடத்துல சொல்வாரு" என்றாள் மனைவி. "ஒரு விஷயத்த அவர் சொல்றதில்ல. பெண் நண்டு பாக்காத மாதிரி எல்லாத்தையும் பாக்கும். கை எவ்வளவு பெருசுன்னு பாத்துட்டு ஏமாறாது. வளைக்கு உள்ள போய், ஒழுங்கா வீடு கட்டியிருக்கானான்னு பாக்கும். பிடிக்கலேன்னா அடுத்த வளை."

பெண்கள் பக்கம் பலத்த கைதட்டல். படகோட்டி கொட்டாவி விட மறந்திருந்தான்.

இவளுக்கு எப்படித் தெரியும் என்று கொக்கு அண்ணனுக்குத் தலை சுற்றியது. மீன்கொத்தி உட்காரும் கம்பம், உப்பு ஏறிச் சிவந்துபோகும் செடி, நாரை கூடு கட்டும் மரம், ஒன்று விடவில்லை. ஈரச் சேற்றில் நீர்நாயின் கால் தடம் தெரிந்தது.

"நீர்நாய் இப்பதான் போச்சுன்னு அவர் சொல்வாரு" என்றாள். "இருபத்திரண்டு வருஷமா அது இப்பதான் போகுது."

சிரிப்பு அடங்குவதற்குள் கரையோரம் தண்ணீர் பிளந்து ஒரு நீர்நாய் எழுந்தது. வாயில் மீன். படகைப் பார்த்தது, அவளைப் பார்த்தது, நிதானமாக முழுகிப் போயிற்று. அவர் வாழ்நாளில் அதை நாலு தடவைதான் பார்த்திருக்கிறார். இவள் முதல் நடையிலேயே வரவழைத்துவிட்டாள். கொக்கு அண்ணனுக்கு அழுகை வருகிற மாதிரி இருந்தது. அதே சமயம், எவ்வளவு அழகாகப் பேசுகிறாள் என்றும் இருந்தது. இத்தனை வருடம் இந்தக் குரலோடு ஒரே வீட்டில் இருந்திருக்கிறோமே என்று இருந்தது.

கடைசி வளைவு. தூரத்தில் சிவப்புத் துணி. படகோட்டி வழக்கம்போல எஞ்சினை நிறுத்தினான்.

"அங்க ஆடுதே, சிவப்புப் போர்வை. அது எங்க வீட்டுது. எங்க வீட்டுக்காரர் தினமும் போத்திக்கிற போர்வைதான்."

கொக்கு அண்ணன் கழுத்தை நீட்டிப் பார்த்தார். பேருந்தில் ஊரைச் சுற்றிக்கொண்டு அரை மணி நேரத்தில் போய்ச் சேர்கிற வீடு, சதுப்பின் இந்த மூலைக்குக் கூப்பிடு தூரத்தில் நின்றது.

"இவர் மைக்ல பேசறது துறையிலேருந்து இந்த வளைவு வரைக்கும் காத்துல அப்படியே எங்க மாடிக்கு வரும். போர்வைக்குப் பின்னாடி முக்காலி போட்டு உக்காந்துப்பேன். தினம் மூணு நடை. ஒரு நாள் விட்டதில்ல. இந்த இடத்துல இவர் என்ன சொல்வாருன்னும் எனக்குத் தெரியும். ஊருக்கெல்லாம் சொல்றாரு. எங்கிட்ட ஒரு நாள் மைக் இல்லாம சொல்லுவாரு, உடனே கிளம்பிடலாம்னுதான் இருந்தேன். இன்னிக்கும் சொல்லல. தொண்டை கட்டிக்கிச்சுன்னு கூட்டிட்டு வந்தாரு."

கொக்கு அண்ணன் எழுந்து நின்றார். தொண்டை நிஜமாகவே அடைத்தது. இப்போது சொல்லிவிடவேண்டும், என்ன ஆனாலும் சரி.

"ஐயா, உக்காருங்க" என்றார் நர்ஸ்.

உட்கார்ந்தார்.

துறையில் இறங்கியபோது அப்படி ஒரு கைதட்டலை அவர் கேட்டதே இல்லை. முதலாளியம்மா ஓடி வந்தாள். "அண்ணி, நாளைக்கும் வந்துடுங்க. அண்ணனுக்கு நல்லா ஓய்வு கொடுங்க."

"அதுக்கென்ன, வரேன். அவருக்குத் தொண்டை சரியாகப் பத்து நாளாகும்" என்றாள் மனைவி.

மிச்ச ரெண்டு நடையும் அவளே பேசினாள். சாயங்காலம் பேருந்து நிறுத்தத்தில் இருவரும் தனியாக நின்றார்கள். கொக்கு அண்ணனால் அதற்குமேல் தாங்க முடியவில்லை.

"எனக்குத் தொண்டையில ஒண்ணுமே இல்ல."

"தெரியும். காலையில பூனையத் திட்டினீங்களே."

"நான் சும்மா... இங்க பாரு. நீ அந்த இடத்துல வந்து உக்காரணும். நீ கேக்கணும்னுதான் நான் இத்தனை வருஷமாப் பேசிக்கிட்டிருக்கேன். வா. நாளைக்கே வா."

செய்தித்தாள் இல்லை, மைக் இல்லை. அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். காற்றில் தூசு என்றாள்.

"கூப்பிட்டுட்டீங்க. கண்டிப்பா வரேன்" என்றாள். "பத்து நாள் கழிச்சு."

"அதுவரைக்கும்?"

"அதுவரைக்கும் நீங்க மாடியில துணி காயப் போடுங்க. காத்து நம்ம பக்கம்தான், நான் பேசறது எல்லாம் தெளிவாக் கேக்கும்."