ஆறு பாயிண்ட் காற்று

அரைகுறையாகப் படித்துவிட்டு முழு நம்பிக்கையோடு காரியத்தில் இறங்குவதில் எனக்கு இணை கிடையாது. ஒரு ஜீப்பின் டயரையே அதற்குச் சாட்சியாக வைத்திருக்கிறேன்.

திருமணமான புதிதில் என் கணவர் ஞாயிறுதோறும் நண்பர்களோடு ஜீப்பில் காடுமேடு ஏறப் போய்விடுவார். அவருக்குப் பக்கத்து இருக்கை ஒன்றைத் தவிர எனக்கு அப்போது வேறு ஆசையே இல்லை. கூட்டத்தின் மூத்தவர் குழந்தைவேலு அண்ணன் ஒருவழியாக இறங்கிவந்தார்.

"ஒருக்காக் கூட்டிட்டு வா மாப்ள. அம்மணியால வண்டி நின்னுச்சுன்னா அப்புறம் ஊட்டுலயே உட்டுப்போட்டு வரோணும்."

காரமடைக்கு அப்பால் ஒரு வறண்ட ஓடையில் ஜீப் புதைந்தது. என் கணவர் பாதை பார்க்க முன்னே நடந்தார். காற்றைக் குறைத்தால் டயர் பரந்து மணலைப் பற்றும் என்று நான் படித்திருந்தேன் (படிப்பென்றால் அப்படியொரு திமிர்). முன்சக்கரங்கள் இரண்டையும் முப்பதிலிருந்து ஆறு பாயிண்டுக்கு இறக்கிவிட்டேன்.

அவ்வளவு குறைந்த காற்றுக்குப் பீட்லாக் சக்கரம் வேண்டும் என்பது நான் புரட்டாத அடுத்த பக்கத்தில் இருந்தது. சாதாரண ரிம்மில் டயரின் விளிம்பைக் காற்றின் அழுத்தம்தான் பிடித்துவைக்கிறது. பீட்லாக்கில் ஓர் உலோக வளையம் போல்ட்டுகளால் அதைக் கவ்விக்கொள்ளும். எங்களுடையது சாதாரண ரிம்.

அவர் வந்து வண்டியை எடுத்தார். பத்தடி அருமையாக நகர்ந்தது. நான் பெருமை பேச வாயெடுப்பதற்குள் ஸ்டியரிங்கை ஒடித்தார். டயர் ரிம்மைவிட்டுக் கழன்றது. ஜீப் அந்தப் பக்கமாகச் சாய்ந்து நின்றது.

"ஆரு மாப்ள காத்தப் புடுங்குனது?" என்றார் பின்வண்டியிலிருந்து இறங்கிவந்த அண்ணன்.

என் உள்ளங்கையில் வால்வு மூடிகள் இரண்டும் இருந்தன. என் கணவர் அவற்றைப் பார்த்தார்.

"நாந்தானுங்ணா. புத்தியில்லாம புடுங்கிப்போட்டேன்" என்றார் அவர்.

"மிச்சக் காத்தையும் பொட்டணம் கட்டி ஊட்டுக்குக் கொண்டுபோ!"

திரும்பும் வழியில் கேட்டேன்: "ஏனுங்க அப்படிச் சொன்னீங்க?"

"பின்ன? அடுத்த ஞாயித்துக்கெழம நான் ஆருகூடப் பேசிட்டு வண்டி ஓட்டறது?"

அடுத்த மாதமே பீட்லாக் சக்கரங்கள் வந்தன. அந்த வளையத்தின் போல்ட்டுகளை ஒரே சீராக முடுக்குவது ஞாயிறு காலைகளில் என் வேலையாயிற்று. ஒன்றை இறுக்கினால் அடுத்தது அதற்கு நேர் எதிரே இருப்பது. அவர் காப்பியோடு அருகில் குந்தியிருப்பார்.

அவர் இல்லாத மூன்றாவது ஆண்டு இது. சென்ற மாதம் ஒரு கல்யாணப் பந்தியில் அண்ணன், "காத்தப் புடுங்குன மாப்ள" கதையை மறுபடியும் எடுத்தார். தாங்க மாட்டாமல், புடுங்கியது நான்தான் என்று சொல்லிவிட்டேன்.

பந்தியே சிரித்தது. அண்ணன் மட்டும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"உடுங்க அம்மணி. அவம் பேரக் காப்பாத்த நீங்க பழியத் தூக்கித் தலைல போட்டுக்கறீங்க. எங்களுக்குத் தெரியாதுங்களா?"

இப்போது கதையை, நான் பழியேற்றுக்கொண்டதாக அதையும் சேர்த்தே சொல்கிறார்கள். நான் மறுப்பதில்லை.