ஃபோர்வீல் அண்ணனை இறக்கிவிட்டோம்

உலகத்தில் தோற்றுப்போன மேனேஜர்கள் ஆயிரம் பேர் இருக்கலாம். ஆனால் எங்கள் ஃபோர்வீல் அண்ணனைப் போல அவ்வளவு சந்தோஷமாகத் தோற்ற ஜீவன் எந்தக் கண்டத்திலும் கிடையாது. கூடலூரில் மட்டும்தான் இருந்தார். ஏழு கோல் வாங்கிக்கொண்டு, தலையைத் தொங்கப்போட்டபடி மைதானத்தை விட்டு வருவோம். அவர் எதிரே ஓடி வந்து, "ஏலே, அந்த அஞ்சாவது கோலு இருக்குல்ல, என்னா அழகா அடிச்சான் பாத்தீகளாடா!" என்று எங்களுக்கே கை கொடுப்பார்.

செல்போனில் அழைப்பு வந்தாலே காசு பிடித்த காலம் அது. நான் உரக்கடையில் பில் போடுகிறவன். ஞாயிற்றுக்கிழமைகளில் 'மின்னல் செவன்ஸ்' கால்பந்துக் குழுவின் செயலாளர் மற்றும் கோல்கீப்பர். செவன்ஸ் என்றால் பக்கத்துக்கு ஏழு பேர். மலைக்கு மேலே கேரளத்தில் அதற்குப் பைத்தியமாக அலைவார்கள். அந்தப் பைத்தியம் குமுளி ரோட்டில் இறங்கி வந்து எங்களையும் பிடித்திருந்தது. கோல்கீப்பராக எனக்கிருந்த ஒரே தகுதி அகலம். பந்து தானாக வந்து என் மேல் பட்டால் நான் தடுத்ததாகக் கணக்கு. படாவிட்டால் கோல்.

ஃபோர்வீல் அண்ணனுக்குத் தொழில் எஸ்டேட் ஜீப் ஓட்டுவது. விடிந்தும் விடியாமலும் ஏலக்காய் பறிக்கப் போகிற ஆட்களை ஏற்றிக்கொண்டு மலைக்குக் கிளம்புவார். அந்த ஜீப்பில் எத்தனை பேர் ஏறலாம் என்பது ஏறிய பிறகுதான் தெரியும். இடம் போதாவிட்டால் அவரே பாதி உடம்பை வெளியே தொங்கவிட்டு ஓட்டுவார். ஜீப் ஸ்டாண்டில் அவருக்கு ஒரே ஒரு சட்டம் உண்டு. வந்து நின்ற ஆளை விட்டுவிட்டுப் போகக் கூடாது. விட்டுப் போனால் அந்த ஆளுக்கு அன்றைய கூலி போச்சு.

எங்கள் குழு மலைக்குப் போய் ஆட ஒரு வண்டி தேவைப்பட்டது. வண்டியோடு அவரும் வந்தார். மேனேஜருக்கான முதல் தகுதி ஜீப் என்று முடிவு செய்தோம். இரண்டாவது தகுதி யாருக்கும் ஞாபகம் வரவில்லை.

அவர் ஜீப் ஸ்டாண்டு சட்டத்தை அப்படியே கால்பந்துக்குக் கொண்டுவந்துவிட்டார். ஆட்டத்தன்று ஸ்டாண்டுக்கு வந்தவன் எவனானாலும் ஆட வேண்டும். ஏழு பேர் ஆடும் ஆட்டத்துக்குப் பத்தொன்பது பேரைக் கொண்டுபோவார். ஊருக்கு ஊர் ஆள் இறக்கி ஏற்றுவது போல இவனை வெளியே எடுத்து அவனை உள்ளே விடுவார். செவன்ஸில் எத்தனை தடவை வேண்டுமானாலும் ஆள் மாற்றலாம் என்பதுதான் அவருக்கு வசதியாகப் போயிற்று. ஒருமுறை நடுவர் வாயிலிருந்து விசிலை எடுத்துவிட்டு, "இதில் யார் ஆடுறவங்க, யார் பாக்க வந்தவங்க?" என்று பரிதாபமாகக் கேட்டார்.

பயிற்சி என்றால் ஜீப்பைத் தள்ளுவது. பேட்டரி எப்போதும் படுத்திருக்கும். மைதானத்தை இரண்டு சுற்றுத் தள்ளினால்தான் இன்ஜின் உறுமும். அது உறுமும்போது நாங்கள் அடங்கியிருப்போம். ஆட்டம் தொடங்கியதும் கோட்டோரம் நின்று, இல்லாத ஸ்டீரிங்கைத் திருகிக்கொண்டே கத்துவார். "ஏலே, மேடு வருது, செகண்டுக்கு மாத்துடா! ஒடி, ஒடி, ஒடிச்சுத் திருப்பு!" மைதானம் தோசைக்கல் போல மட்டமாக இருக்கும். மேடு அவருக்கு மட்டும்தான் வரும்.

இடைவேளையில் எல்லாக் குழுக்களும் எலுமிச்சம்பழம் சப்பும். எங்களுக்கு அண்ணன் கொண்டுவரும் ஒரு கூடை பன்னீர் திராட்சை. சாப்பிட்டு முடிப்பதற்குள் விசில் ஊதிவிடுவார்கள். குமுளிப் போட்டியில் வாய் நிறைய விதையோடு கோலுக்குள் போய் நின்றேன். துப்புவதற்காக ஓரமாகத் திரும்பினேன். திரும்பிப் பார்த்தால் பந்து வலைக்குள் கிடக்கிறது. அண்ணன் திட்டவில்லை. "இனிப்பா இருந்துச்சாடா?" என்றார்.

அடுத்த வருடப் போட்டி நெருங்கியபோதுதான் கேப்டன் சாகுல் உரக்கடைக்கு வந்தான். அவன் அத்தாவுக்கு அரிசி மண்டி; எங்களில் உண்மையாகவே கால்பந்து ஆடத் தெரிந்தவன் அவன் ஒருவன்தான்.

"மாப்ள, குமுளிக் கமிட்டில சொல்லிவிட்டிருக்காக. இந்தத் தடவையும் மொத ரவுண்டுல தோத்தா இனிமே நம்மளக் கூப்பிட மாட்டாகளாம். அண்ணன மாத்தியே ஆகணும். மாஷ்கிட்ட பேசிட்டேன்."

மாஷ் என்பவர் குமுளிப் பக்கம் விளையாட்டு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். மகள் வீட்டோடு கூடலூரில் இருந்தார். பந்தைப் பார்த்தாலே அதன் காற்றளவைச் சொல்லுவார்.

"பாவம்டா அந்த மனுசன்," என்றேன்.

"பாவம் அவரா, நீயா? மாஷ் வந்தா மொதல்ல ஒன்னையத்தான் தூக்குவாருண்டு பயப்படுற."

அவன் சொன்னதில் ஒரு எழுத்துகூடத் தப்பில்லை. பூமியில் என்னைக் கோலில் நிறுத்தக்கூடிய ஒரே மனிதர் ஃபோர்வீல் அண்ணன்தான். அவர் போனால் நானும் போனேன்.

பஞ்சர் கடை மாடியில் கூட்டம். மழை பிடித்துக்கொண்டது. எப்படிப் போவது என்று ஆளாளுக்கு வாசலில் நிற்க, வீடு வீடாக ஒரு ஜீப் வந்தது. வேறு யார்? "ஏறுங்கடா, ஏறுங்கடா! என்னையத் தூக்குற மீட்டிங்குக்கு நேரமாச்சுல்ல!" அவருக்கு எதிராகக் கை தூக்க வேண்டிய அத்தனை பேரையும் நனையாமல் கொண்டுவந்து இறக்கினார்.

மாடியில் சாகுல் தரையைப் பார்த்தான். நான் மின்விசிறியைப் பார்த்தேன். பொறுத்துப் பார்த்த அண்ணன், தானே எழுந்துவிட்டார்.

"என்னங்கடா, ஒருத்தனும் பேச மாட்டீங்கிறீக? சரி, நானே சொல்றேன். இந்த மேனேஜரு லாயக்கில்ல. ஆடப்போற பயலுகள வண்டி தள்ளவிட்டே நுரை தள்ள வச்சான். திராச்சையத் திங்கவிட்டுக் கோலு வாங்கவிட்டான். எல்லாத்துக்கும் மேல, நம்ம செக்ரட்ரியப் போயி எவனாச்சும் கோல்ல நிப்பாட்டுவானா? சொல்லுங்கப்பா!"

இடி போலக் கைதட்டல். அதில் என்னுடையதும் இருந்தது.

"அப்ப மாஷ் வரட்டும்ங்கிறவுக கை தூக்குங்க," என்று முதல் கையை அவரே தூக்கினார். எல்லாக் கைகளும் எழுந்தன, என் கையைத் தவிர. அண்ணன் நேரே என்னிடம் வந்து, "தூக்குடா செக்ரட்ரி, ஏகமனதா இருந்தாத்தான் எனக்கு மரியாத," என்று என் கையைப் பிடித்து உயர்த்திவிட்டு உட்கார்ந்தார்.

மாஷ் வந்தார். பத்துப் பேரைத் தேர்ந்தெடுத்தார். எனக்குப் பதிலாக ஒல்லியான ஒருவனைக் கோலில் நிறுத்தினார். அவன் பந்து வரும் திசையில் நகரவும் செய்தான். இது எனக்குப் புதுமையாக இருந்தது.

போட்டி நாள் காலை. ஸ்டாண்டில் ஜீப் நிற்கிறது. பத்துப் பேரும் வந்தார்கள். கழித்துவிடப்பட்ட நாங்களும், சும்மா வழியனுப்பத்தான், என்று சொல்லிக்கொண்டு வந்து நின்றோம். அண்ணன் எங்களைப் பார்த்ததும், "என்னடா வேடிக்க? ஏறுங்க!" என்றார்.

மாஷ் பதறிப்போனார். "எந்தா இது? பத்துப் பேரு மதி, பத்துப் பேரு போதும், சேட்டா!"

"டீமுக்கு நீங்க மேனேஜரு மாஷே. வண்டிக்கு நாந்தேன். வந்து நின்ன ஆள விட்டுட்டுப் போனா என் வண்டி மல ஏறாது." பிறகு என் பக்கம் திரும்பி, "ஒனக்குப் பின்சீட்டுல எடது ஓரம். வழக்கம் போல," என்றார்.

மைதானத்தில் அவர் ஒரு வார்த்தையும் பேசப்போவதில்லை என்று மாஷுக்கு வாக்குக் கொடுத்திருந்தார். காப்பாற்றவும் செய்தார்; துண்டைச் சுருட்டி வாயில் திணித்துக்கொண்டார். கைகள்தான் வாக்குக் கொடுக்கவில்லை. அவை பாட்டுக்குத் திருகிக்கொண்டிருந்தன. நாங்கள் கழிசடைகள் அவருக்கு இருபுறமும் நின்று ஒட்டுமொத்தமாக நகத்தைக் கடித்தோம். எங்கள் வரலாற்றில் முதல்முறையாக இடைவேளை வரை கோல் இல்லை. திராட்சையும் இல்லை.

ஆட்டம் முடியப்போகும் நேரம். பந்து சாகுல் காலில். எதிரே மலைபோல ஒரு தடுப்பாட்டக்காரன். சாகுல் ஒரு கணம் கோட்டோரம் பார்த்தான். அங்கே அண்ணன் கொண்டைஊசி வளைவில் ஒடிப்பது போல முழு உடம்பையும் சாய்த்து ஒடித்துக்கொண்டிருந்தார். சாகுல் சடாரென்று திரும்பினான். மலை சறுக்கி விழுந்தது. கோல்!

அண்ணன் துண்டைத் துப்பிவிட்டு மைதானத்துக்குள் ஓடினார். நாங்கள் பின்னால் ஓடினோம். "அண்ணே, ஒங்க ஸ்டீரிங்குல விழுந்த கோலுண்ணே!" என்று கத்தினேன். எனக்குக் கண்ணெல்லாம் தண்ணீர். அவரை மறுபடி மேனேஜராக்கி, அவர் வழியாக நானும் கோலுக்குள் திரும்பிவிடலாம் என்ற கணக்கு மனதுக்குள் ஓடத் தொடங்கியிருந்தது.

அண்ணன் குதித்துக்கொண்டே சொன்னார். "கிறுக்குப்பயலே, நா ஒடிச்சது எடதுலடா! அவன் வலதுல போயிட்டான். அதேன் கோலு. மாஷ் ட்ரெய்னிங்குடா!" என்று மாஷைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார். என் கணக்கு அங்கேயே முடிந்தது.

இரண்டாவது சுற்றில் தோற்றோம். அது வேறு விஷயம். முதல் சுற்றைத் தாண்டிவிட்டதால் அடுத்த வருடமும் கூப்பிட்டார்கள், அதற்கடுத்த வருடமும். அன்று ஊர் திரும்பும்போது வழக்கம்போல வண்டி கிளம்பவில்லை. பத்தொன்பது பேரும் இறங்கித் தள்ளினோம். இருபதாவதாக, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மாஷும் தள்ளினார். பாதி உடம்பை வெளியே தொங்கவிட்டபடி, "மாஷே, வலது கால ஊனுங்க!" என்று அண்ணன் அவருக்குப் பயிற்சி கொடுத்துக்கொண்டே வந்தார்.

அதற்குப் பிறகு நான் ஒரு ஆட்டத்திலும் ஆடவில்லை. ஒரு ஆட்டத்துக்கும் போகாமல் இருந்ததில்லை. கால்பந்து பற்றிப் பேச்சு வந்து, நீங்கள் எந்த இடத்தில் ஆடினீர்கள் என்று யாராவது கேட்டால் கூச்சப்படாமல் சொல்வேன்: ஃபோர்வீல் அண்ணன் ஜீப்பில், பின்சீட்டு, இடது ஓரம். அந்த இடத்துக்கு அவர் கடைசி வரை வேறு ஆளை மாற்றவே இல்லை.