கவிழ்த்தாலும் விழாத பாதாம் பால்

முனைவர் பட்டத்துக்குப் படிப்பவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. தான் ஆராய்ச்சி செய்கிற பொருள் வெளியுலகில் எங்காவது கண்ணில் பட்டுவிட்டால், அதைத் தன் சொந்தச் சொத்து என்று நினைத்துக்கொள்வார்கள். எனக்கும் அது இருந்தது, நன்றாக முற்றிய நிலையில்.

சிதம்பரத்தில் நான்கு வருடமாக நான் கேலக்டோமன்னனோடு குடும்பம் நடத்திக்கொண்டிருந்தேன். (ராஜ பரம்பரை இல்லை. சர்க்கரைத் துணுக்குகள் கோத்த நீளமான சங்கிலி, அவ்வளவுதான்.) சில விதைகளின் செல் சுவரில் இருக்கும். இளநுங்கு வழவழவென்று இருப்பதும், முற்றினால் பல்லைப் பதம் பார்ப்பதும் இந்த வகையறாவின் வேலைதான். கொத்தவரை விதையிலிருந்து எடுக்கிற பிசின் மாவில் இது ஏராளம். ஐஸ்கிரீமில் போடுவார்கள், சாஸில் போடுவார்கள், துணியில் சாயம் அச்சடிக்கும் பசையிலும் போடுவார்கள். இதையே சொல்லிச் சொல்லி, எங்கள் ஊரான கடலூர் முதுநகரில் என் சொந்தக்காரர்கள் என்னைக் கண்டால் அடுத்த தெரு வழியாகப் போகிற அளவுக்குக் கொண்டுவந்திருந்தேன்.

அந்த வருடம் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. கையும் காலும் ஓரளவு தேறின. விழுங்குவது மட்டும் தேறவில்லை. தண்ணீரோ டீயோ, குடித்தால் மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். முகம் சிவக்க இருமுவார். எதையும் கூழ் பதத்தில்தான் கொடுக்க வேண்டும் என்றார் டாக்டர். அதற்கென்று மருந்துக் கடையில் ஒரு பவுடர் டப்பா வாங்கினோம். லேபிளைப் பார்த்தால், என் கொத்தவரைப் பிசின். அன்றிலிருந்து டப்பா என் பொறுப்பில் வந்தது. துறைமுகத்தில் முப்பது வருடம் ஒரே குரலில் ஆட்களை வேலை வாங்கிய மனிதர், அறைக்கதவைச் சாத்திக்கொண்டு அம்மா கையால் ஸ்பூனில் டீ சாப்பிட்டார்.

இந்த நிலையில்தான் தங்கை கவிதாவுக்குச் சிதம்பரத்தில் சம்பந்தம் கூடி வந்தது. பேச்சு முடிந்ததும் இரண்டு அப்பாக்களும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து ஏதாவது குடிப்பது எங்கள் வீட்டுப் பழக்கம். குடித்தால்தான் உறுதி. அப்பா என்னைக் கூப்பிட்டு, குழறிய பேச்சில் ஒன்றே ஒன்று சொன்னார்.

"அவுங்க எதுர ஸ்பூன்ல ஊட்றதா இருந்தா நான் கூடத்துக்கே வரல தம்பி."

நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். (என் வாழ்க்கையில் நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்ன எதுவும் உருப்பட்டதில்லை.)

யோசனை அபாரமாகத்தான் இருந்தது. பாதாம் பால் இயல்பிலேயே கொழகொழப்பு. எல்லோருடைய பாலிலும் டம்ளரில் குடிக்கிற பதத்துக்குப் பவுடரைக் கலந்துவிட்டால் அப்பாவுடையது மட்டும் தனியாகத் தெரியாது. பேச்சு நடக்கிற அன்று காலை பத்தரை மணிக்குக் கலக்கினேன். தண்ணீராகவே இருந்தது. இன்னும் கொஞ்சம் போட்டேன். அப்போதும் தண்ணீர்தான். ஜாஸ்தி ஆயிடப் போவுதுடா என்று அம்மா சொன்னாள். இதில் ஆராய்ச்சி செய்வது நீயா நானா என்று கேட்டுவிட்டு, தைரியத்துக்கு மேலும் இரண்டு ஸ்பூன் போட்டேன். பாலில் இந்தப் பிசின் மெதுவாகத்தான் ஊறும் என்பது என் ஆய்வேட்டின் இரண்டாம் அத்தியாயத்தில் இருக்கிறது. எழுதியது நான்தான்.

பதினொரு மணிக்கு வர வேண்டிய மாப்பிள்ளை வீட்டாருக்குப் புதுச்சத்திரம் பக்கம் டயர் பஞ்சர். அவர்கள் வந்து, பேசி முடிக்கப் பன்னிரண்டரை ஆயிற்று. அம்மா முன்கூட்டியே டம்ளர்களில் ஊற்றி, மேலே பாதாம் துருவல் தூவி மூடி வைத்திருந்தாள். மூடியைத் திறந்து பார்க்க யாருக்கும் தோன்றவில்லை.

மாப்பிள்ளையின் அப்பா எச்சில் படாமல் அண்ணாந்து குடிக்கிறவர். டம்ளரை உயர்த்திச் சாய்த்தார். ஒன்றும் விழவில்லை. இன்னும் சாய்த்தார். பிறகு தலைகீழாகக் கவிழ்த்து அடியில் ஒரு தட்டுத் தட்டினார். மொத்தமும் டம்ளர் வடிவத்திலேயே இறங்கி, மூக்கில் உட்கார்ந்து, அங்கிருந்து வெள்ளைச் சட்டைக்கு வழுக்கியது.

சிரிக்க வேண்டியதுதான். ஆனால் எல்லோரும் அதற்குள் அப்பாவைப் பார்க்க ஆரம்பித்திருந்தார்கள். அவர் டம்ளரை உதட்டில் வைத்துத் தலையைப் பின்னால் சாய்த்துக்கொண்டிருந்தார். எதுவும் வரவில்லை. தனக்கு வாய் மேலும் கெட்டுவிட்டது என்று நினைத்தாரோ என்னவோ, திரும்பத் திரும்பச் சாய்த்தார். வேறு வழியில்லாமல் நானே உள்ளே போய் ஸ்பூன் எடுத்து வந்து, அத்தனை பேர் முன்னால் அவர் வாயருகே நீட்டினேன். அவர் வாயைத் திறக்கவில்லை.

மாப்பிள்ளையின் அம்மாதான் பேசினார்.

"எங்களுக்கும் ஆளுக்கொரு ஸ்பூன் கொண்டாப்பா. அண்ணன் சாப்புடுற மாதிரியே நாங்களும் சாப்புடுறோம்."

எல்லோரும் ஸ்பூனால் வெட்டி வெட்டிச் சாப்பிட்டார்கள். அப்பா சுவரைப் பார்த்துக்கொண்டே மூன்று வாய் வாங்கினார். அவர் கண் கலங்கியதைக் கவனிக்காத மாதிரி எல்லோரும் டம்ளருக்குள் மும்முரமாக இருந்தார்கள். சம்பந்தம் உறுதியானது.

சாயங்காலம் மன்னிப்புக் கேட்கப் போனேன். அப்பா கோபப்படவே இல்லை.

"ஒரே ஒரு தடவ தண்ணியா ஒரு டீ குடு தம்பி. இருமுனா இருமிக்கிறேன்."

நான் நுரையீரல், கிருமி, நிமோனியா என்று அரை மணி நேரம் பாடம் எடுத்தேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, சரி விடு என்றார். அப்புறம் இரண்டு முறை கேட்டார். இரண்டு முறையும் பாடம் எடுத்தேன். அதற்குப் பிறகு அவர் கேட்கவில்லை.

கவிதாவின் கல்யாணம் முடிந்து ஐந்தாம் மாதம் இரண்டாவது பக்கவாதம் வந்து இறந்துபோனார். நான் பொத்திப் பொத்திக் காத்த நுரையீரல் கடைசிவரை சுத்தமாக இருந்தது என்று டாக்டர் சொன்னார்.

இப்போதும் சிதம்பரத்தில் தங்கை வீட்டுக்குப் போனால், டம்ளர் என் கைக்கு வருவதற்குள் மாப்பிள்ளை ஆரம்பித்துவிடுவார். "மச்சான், நீங்க கலக்கலையே? இது குடிக்கிறதா, கடிக்கிறதா?" அவருடைய அப்பா உடனே மூக்கைத் துடைத்துக் காட்டுவார். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிக்கும். நானும் சேர்ந்து சிரிப்பேன். அப்புறம் டீயைக் குடிப்பேன். சூடாக, தண்ணியாக, தடையில்லாமல் இறங்கும். ஒரு தடவை கொடுத்திருக்கலாம்.