கறுப்புப் பெட்டியில் மட்டும்

"சார், சானமாவு காட்டு ரோட்டுல யானை."

கமலக்கண்ணன் குரலைத் தாழ்த்திச் சொன்னான், யானைக்குக் கேட்டுவிடக் கூடாது என்பதுபோல.

"எத்தனை?" என்றார் சூப்பர்வைசர் ஆனந்தராஜ்.

"ஒண்ணு சார்."

"ஒண்ணுதானா? ஓரமா வந்துடுப்பா. நம்ம கம்பெனி பஸ் இப்பத்தான் அந்த வழியா வந்துச்சு."

"மூணு சார். குட்டியும் இருக்குது."

"குட்டியோடவா? அப்ப வராத. அங்கியே இரு."

ஓசூரில் அந்தத் தொழிற்சாலையில் காய்ச்சலுக்கு டாக்டர் சீட்டு கேட்பார்கள். சாவுக்குக் கருமாதிப் பத்திரிகை கேட்பார்கள். யானைக்கு மட்டும் எதுவும் கேட்கமாட்டார்கள்.

போனை வைத்தபோது கமலக்கண்ணன் தன் ஊரான உத்தனப்பள்ளியில், நண்பன் கோபி வீட்டு சோபாவில் இருந்தான். எதிரே டிவி. டிவிக்குக் கீழே கறுப்பு வீடியோ கேம் கன்சோல்.

அவன் வீட்டில் இருப்பது வெள்ளை கன்சோல். அவனுக்கு வேண்டிய வாள்வீரன் ஆட்டத்தின் மூன்றாம் பாகம் கறுப்பில் மட்டும்தான் ஓடும். இன்று விடுவார்கள், நாளை விடுவார்கள் என்று வெள்ளைக்காக ஒரு வருஷம் காத்திருந்தான். நேற்று கறுப்புக் கம்பெனிக்காரன் மேடை ஏறிச் சொல்லிவிட்டான்: நாங்களே செய்த ஆட்டம் எங்கள் பெட்டியில் மட்டும்தான், இனி எப்போதும் அப்படித்தான்.

கறுப்பையும் வாங்கிவிடலாம் என்றால், மனைவி தர்ஷினி ஒரே வரியில் முடித்துவிட்டாள். "வீட்டுக்கு ஒரு பெட்டி போதும்."

கோபி ஷிஃப்டுக்குப் போயிருந்தான். அவன் மனைவி மாதேஸ்வரி, ஜாக்கெட்டுக்குப் பூவேலை செய்யும் ஆரி வகுப்பு நடத்துகிறாள். தர்ஷினியும் இரண்டு மாதமாக மதியம் இங்கேதான் வருகிறாள். இன்னும் ஒரு ஜாக்கெட்டிலும் ஒரு பூ விழவில்லை. அவள் வருவதற்குள் கிளம்பிவிட வேண்டும்.

"நான் பால் வாங்கிட்டு வந்துடறங்கண்ணா. மதியம் பாயசம் வெக்கணும்" என்றாள் மாதேஸ்வரி. வேறு என்னவோ சொல்ல வாயெடுத்தாள். சொல்லாமல் போய்விட்டாள்.

ஆட்டத்தைத் திறந்தான். சேமிக்க மூன்று இடம், மூன்றும் நிரம்பியிருந்தன. கோபிக்கு போன் போட்டான்.

"மொத ரெண்டும் என்னுது. தொட்ட, கொன்னுடுவன்" என்றான் கோபி. "மூணாவது யாருதோ. அழிச்சுக்கோ."

மூன்றாவதில் நூற்றைம்பது மணி நேர ஆட்டம் இருந்தது. கடைசிச் சண்டை மட்டும்தான் பாக்கி. யாரோ, பாவம் என்று நினைத்தான். அழித்தான்.

வீரன் கந்தலோடும் ஒரு குச்சியோடும் புறப்பட்டான். பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. போன் அடித்தது. தர்ஷினி.

"என்னங்க, எங்க இருக்கீங்க?"

"வேலையிலதான்."

"உங்களச் சுத்தி மூணு யானைன்னு ஆனந்தராஜ் சார் போன் பண்ணாரே?"

"நீ பயந்துருவேன்னுதான் சொல்லல. தப்பிச்சு ஊருக்கே திரும்பி வந்துட்டேன்."

"அப்ப வீட்டுக்கு வர வேண்டியதுதானே?"

"யானையும் பின்னாடியே வந்துருச்சு. நம்ம தெருவுல நிக்குது."

"நம்ம தெருவுலயா? எங்க?"

"வேப்பமரத்துக்கிட்ட."

"நான் வேப்பமரத்துக்கிட்டதாங்க நிக்கிறேன்."

அவன் வாயில் அடுத்த யானை வரவில்லை.

"கோபி வீட்டுல இருக்கேன்" என்றான்.

மறுமுனையில் ஸ்கூட்டி கிளப்பும் சத்தம் கேட்டது. பிறகு, "அங்க எதையும் தொடாதீங்க. இந்தா வந்துட்டேன்" என்றாள்.

டிவியை அணைக்க ரிமோட்டைத் தேடினான். சோபா இடுக்கில் பார்த்தான். ஊசிப்பெட்டிக்குள் பார்த்தான். அதற்குள் வாசலில் ஸ்கூட்டி நின்றது.

தர்ஷினி ஹெல்மெட்டோடு உள்ளே வந்தாள். அவனைப் பார்க்கவில்லை. டிவியைப் பார்த்தாள். கந்தல் வீரன் குச்சியோடு நின்றான். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"சத்தியமா யானைதாம்மா..." என்று ஆரம்பித்தான்.

பால் பாக்கெட்டோடு வாசலில் வந்து நின்ற மாதேஸ்வரி திரையைப் பார்த்து வாயில் கை வைத்தாள்.

"அய்யோ அண்ணா! ரெண்டு மாசமா ஊசியக்கூட தொடாம இவ ஆடுனதப் போய் அழிச்சுட்டீங்களே, இன்னிக்கு மதியம் ஜெயிச்சுடுவன்னுதான என்னைப் பாயசமே வெக்கச் சொன்னா!"