ஆடியில் உதிராத ஆல்

மரங்களுக்காகப் பாடுபட்டவர்கள் உலக வரலாற்றில் பலர் உண்டு. ஆனால் ஒரு மரத்தை ஒரு முழத்துக்கு மேல் வளரவிடாமல் காப்பதற்காகத் தம் வாழ்வையே ஒப்புக்கொடுத்த பெருமகன், நியூசிலாந்தில், ஒக்லாந்தின் மவுண்ட் ரோஸ்கில்லில் வசிக்கும் திரு. நவரத்தினம் ஒருவரே. இதை வேறு யாரும் சொல்ல முன்வராததால், மாதந்தோறும் தம் வீட்டுக் கராஜில் கூடும் குறுமரப் பேரவையில் அவரே சொல்லிவந்தார். பேரவையின் தலைவரும் அவரே. உறுப்பினர் ஏழு பேர். மழை நாளில் நான்கு.

அவருடைய மனைவி செல்வநாயகி பேரவையில் உறுப்பினர் அல்ல. வாரத்தில் ஐந்து நாள் விரி என்ற புறநகரில் ஒரு கிடங்கில் பெட்டி கட்டிவிட்டு வருபவளுக்குக் கலையை இரசிக்க நேரம் ஏது? ஆகவே கூட்டங்களுக்கு வடை சுடும் பொறுப்பு அவளுக்கு "மனமுவந்து" அளிக்கப்பட்டிருந்தது.

பேரவையின் பெருமை, தலைவரின் ஆலமரம். தட்டையான மண்தொட்டியில் நிற்கும் பொன்சாய். அதன் பராமரிப்பு முழுக்க முழுக்கப் பஞ்சாங்கப்படி நடந்தது. மார்கழி குளிர் மாதம். ஆகவே டிசம்பரில் ஒக்லாந்தே கடற்கரையில் வெயில் காயும்போது, மரம் ஹீட்டருக்குப் பக்கத்தில் கம்பளி போர்த்து உட்கார்ந்திருக்கும். சித்திரை, வைகாசி அக்கினி வெயில். ஆகவே ஏப்ரல் கடைசியில் அது கொல்லைப்புறத்து நிழலுக்குக் குடிபெயரும். அங்கே நியூசிலாந்தின் குளிர்காலம் வந்து அதைச் சந்திக்கும்.

கோயம்புத்தூரிலிருந்து வந்த ஐ.டி.காரரான சுந்தரம் ஒருமுறை எழுந்து, "ஐயா, இங்க டிசம்பர்தானே கோடை?" என்று கேட்டார்.

"நீங்கள் சொல்லுறது வானிலை. நான் கதைக்கிறது பருவம்," என்றார் நவரத்தினம். விளக்கம் ஏகமனதாக ஏற்கப்பட்டதாகக் கூட்டக் குறிப்பில் பதிவானது.

இத்தகைய அறிவியல்பூர்வமான கவனிப்பின் பயனாக, மரம் ஒவ்வோர் ஆடியிலும் தவறாமல் செத்துப்போனது.

முதல் வருடம் அதைக் கண்டவள் செல்வநாயகி. காப்புறுதி அலுவலகத்திலிருந்து ஓய்வு பெற்ற பிறகு கணவரைக் காலையில் கட்டிலைவிட்டு எழுப்பியது அந்த மரம் ஒன்றுதான். அவளுக்குப் பாவமாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை ஏவன்டேல் சந்தைக்குப் போய், அதே உயரத்தில் ஓர் ஆலங்கன்றை வாங்கி, அதே தொட்டியில் நட்டுவைத்தாள். நவரத்தினம் கண்ணாடியைத் துடைத்துப் போட்டு நெடுநேரம் பார்த்தார். மரம் தேறிவிட்டது என்று அறிவித்தார்.

அதன்பின் வருடத்துக்கு ஒரு மரம். சந்தைக்காரி அவளுக்கென்று ஒன்றை எடுத்துவைக்கத் தொடங்கினாள். ஒரு வருடம் இடப்பக்கம் சாய்ந்த கிளை மறுவருடம் வலப்பக்கம் இருந்தது. மரம் புரண்டு படுத்திருக்கிறது என்று தலைவர் முக்கால் மணி நேரம் உரையாற்றினார். இப்படி ஆறு மரங்கள் அவர் பார்வையில் வாடின. ஆறையும் அவர் ஒரே மரமாக நேசித்தார்.

இந்த வருடம், வெலிங்டனில் இருக்கும் மகள் பிரணவிக்கு ஆடியில் பிள்ளை பிறக்கவிருந்தது. அப்பாவும் வரவேண்டும் என்று அவள் போனில் இரண்டு தரம் சொல்லியிருந்தாள். ஒரு மணித்தியாலப் பறப்புத்தான்.

"இஞ்சாருங்கோ, பிள்ளைக்கு முதல் பேறு. ரெண்டு பேருமாப் போவம்," என்றாள் செல்வநாயகி.

"ஆடி மரத்துக்குக் கண்டம். நான் இல்லாட்டி அது தாங்காது. நீர் போயிட்டு வாரும்."

பேற்றைப் புரட்டாதிக்குத் தள்ளிவைக்க டாக்டர்மாரிடம் வழியில்லையா என்றும் அவர் பெருந்தன்மையுடன் விசாரித்தார். பிரணவி பிறந்த அன்றும் அவருக்கு ஏதோ ஒரு நிர்வாகசபைக் கூட்டம் இருந்தது. அதைத் தான் எப்போதோ மறந்துவிட்டதாகவே செல்வநாயகி நினைத்திருந்தாள். மறக்கவில்லை.

இம்முறை மரம் ஆனியிலேயே காலமானது. செல்வநாயகி சந்தைக்குப் போகவில்லை. இரண்டு டொலர் கடைக்குப் போனாள். பிளாஸ்டிக் ஆல் ஒன்றை வாங்கிவந்து தொட்டியில் ஊன்றினாள். அவர் கண்டுபிடித்துவிட்டால், காப்பதற்கு மரம் இல்லை. வெலிங்டனுக்கு வந்துதான் ஆகவேண்டும். கண்டுபிடிக்கட்டும் என்று அவள் உண்மையாகவே ஆசைப்பட்டாள்.

நவரத்தினம் அதற்குப் பத்து நாள் தண்ணீர் ஊற்றினார். பதினோராம் நாள் பேரவை கூடியது. எல்லார் முன்னிலையிலும் அவர் கத்தரிக்கோலால் ஒரு கிளையை வெட்டினார்.

"பால் வரலியே ஐயா," என்றார் சுந்தரம்.

குளிருக்கு மரம் பாலை அடக்கிக்கொண்டிருக்கிறது, இது முதிர்ச்சியின் அடையாளம் என்றார் தலைவர். கைதட்டல். சுந்தரம் மட்டும் வெட்டிய துண்டை முகர்ந்து பார்த்தார். பிறகு செல்வநாயகியைப் பார்த்தார். அவள் வடைத்தட்டை நீட்டினாள். அவர் இரண்டு எடுத்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டார்.

புறப்படும் நாள் காலையில் பெட்டியைக் காரில் வைத்துவிட்டு அவள் நேராகவே சொல்லிவிட்டாள்.

"அது பிளாஸ்டிக். முந்தினதெல்லாம் செத்துப்போச்சு. நான்தான் ஒவ்வொண்டா வாங்கி வைச்சனான். இனியாவது வாங்கோ."

நவரத்தினம் கோபப்படவில்லை. அவளை இரக்கத்தோடு பார்த்தார்.

"ஆறு வருஷமா நான் பாக்கிற மரம். எனக்குத் தெரியாதே? உமக்கு வேலைக் களைப்பு. போய் ஆறுதலா நில்லும்."

அவள் தனியே போனாள்.

ஆடி மூன்றாம் நாள் பேத்தி பிறந்தாள். செல்வநாயகி குழந்தையின் படத்தை அனுப்பினாள். பதிலுக்கு மரத்தின் படம் வந்தது. கொஞ்ச நேரத்தில் அவரே கூப்பிட்டார். பேரவை அவசரமாகக் கூடித் தமக்கு "கவனிப்புச் செம்மல்" என்ற பட்டத்தை வழங்கியதை அறிவித்தார். குழந்தை யாருடைய சாயல் என்று கேட்பார் என அவள் காத்திருந்தாள்.

"இந்தக் குளிருக்கும் ஒரு இலை விழேல்லை, தெரியுமே?" என்றார் அவர்.

பிரணவி கட்டிலில் இருந்தபடி, அப்பா என்ன சொல்கிறார் என்று கண்ணால் கேட்டாள். செல்வநாயகி குழந்தையை மற்றத் தோளுக்கு மாற்றிக்கொண்டாள்.

"ஓம், தெரியும்," என்றாள். "இத்தனை வருஷத்திலை உங்கடை கவனிப்பிலை வாடாமல் நிண்டது அது ஒண்டுதான்."