மனு சாரின் இடது பக்க சீட்டு

சாமியே நேரில் வந்து "என்ன வரம் வேண்டும்" என்று கேட்டால், "வரம் இருக்கட்டும், வெயில்ல நிக்க வெச்சிக் கேக்கறீங்களே, இது நியாயமா" என்று கேட்கக்கூடிய ஒரே மனிதர் எங்கள் மனு சார்தான். கிரிவலப் பாதையை ஒட்டிய அடி அண்ணாமலையில் எங்கள் தெருக்காரர் எவருக்கும் அவருடைய சொந்தப் பெயர் தெரியாது. கலெக்டர் ஆபீசில் திங்கட்கிழமைதோறும் ஜனங்கள் கொண்டுவரும் மனுக்களை வாங்குவதும், வரிசையை ஒழுங்கு பண்ணுவதும்தான் சர்வீஸ் முழுக்க அவர் பார்த்த வேலை. ஊர்க் குறையையெல்லாம் காதில் வாங்கி வாங்கி நிரம்பிப்போன மனுஷன், ரிடையர் ஆனதும் மடையைத் திறந்துவிட்டார்.

அவர் மனைவி இதற்கு நேர்மாறு. பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தவர் என்பதால் தெருவுக்கே அவர் டீச்சர். முழங்கால் இரண்டும் தேய்ந்து, வாக்கரைப் பிடித்துக்கொண்டுதான் நடப்பார். "வலிக்குதா டீச்சர்?" என்று கேட்டால், உதட்டைக் கடித்துக்கொண்டே, "சேச்சே, நல்லாத்தான் இருக்கேன்" என்பார். டாக்டரிடமும் அதே பதில்தான். "எங்க வலிக்குது, எவ்ளோ வலிக்குதுன்னு அவங்க வாயால சொன்னாத்தானே சார் நான் மேற்கொண்டு பார்க்க முடியும்?" என்று டாக்டரே கையை விரித்துவிட்டார். அழுத பிள்ளைதான் பால் குடிக்கும். டீச்சர் அழுவதாக இல்லை.

இந்த நிலைமையில்தான் டீச்சரை ஆஸ்பத்திரிக்கு அலுங்காமல் கூட்டிப்போக என்று மனு சார் ஒரு ஹைபிரிட் கார் வாங்கினார். பாதி பேட்டரி, பாதி பெட்ரோல். "நம்ம ஊருக்கு ஏத்த வண்டிதான் சார், அர்த்தநாரீஸ்வரர்" என்றார் டீக்கடைக்காரர். அந்தப் பெயரே வண்டிக்கு நிலைத்துவிட்டது.

பூஜை போட்ட அன்றைக்கே வில்லங்கம் ஆரம்பித்தது. நாலு சக்கரத்தடியிலும் எலுமிச்சம்பழம் வைத்து, கற்பூரம் காட்டி, "ஸ்டார்ட் பண்ணுங்கோ" என்றார் குருக்கள். சார் பட்டனை அழுத்தினார். சத்தமே இல்லை. பேட்டரியில் இருக்கும்போது அந்த வண்டி மூச்சுக்கூட விடாது என்பது எங்களுக்குத் தெரியாது. ஸ்டார்ட் ஆகவில்லை என்று நினைத்து சார் மறுபடி அழுத்தினார், வண்டி அணைந்தது. மறுபடி அழுத்தினார். "சகுனம் சரியில்லியே" என்று கூட்டத்தில் முணுமுணுப்பு கிளம்பியபோது, வண்டி பூனை மாதிரி நகர்ந்து பழத்தை நசுக்கியது. குருக்கள் குதித்த குதியில் தட்டு ஒரு பக்கம், விபூதி ஒரு பக்கம்.

மறு திங்கட்கிழமையே மனு சார் ஷோரூமில் போய் நின்றார். அதற்கடுத்த திங்கட்கிழமையும். வாழ்நாள் முழுக்க மனு வாங்கியவர், இப்போது கொடுக்கிற பக்கம் வந்துவிட்டார். துணைக்கு நானும் ஒரு தடவை போயிருக்கிறேன்.

"ஐயா, பொருள்: இடது பக்க சீட்டு தாழ்வாக இருப்பது தொடர்பாக" என்று நின்றபடியே ஆரம்பித்தார். சீட்டு தாழ்வு, கூரை சரிவு, ஏறும்போது தலை இடிக்கிறது. படி உயரம், கால் தூக்க முடியவில்லை. டிக்கியில் பாதி இடத்தைப் பேட்டரி பிடித்துக்கொண்டதால் வாக்கர் உள்ளே போகவில்லை. ஹாரன் சத்தம் ரொம்பக் கம்மி.

மேனேஜரம்மா பொறுமையாகக் கேட்டார். "அது டிசைன் சார். ஒண்ணும் பண்ண முடியாது."

"டிசைன் பண்ணவர் நம்பர் குடுங்க."

"அவர் வெளிநாட்டுல இருக்கார் சார்."

"பரவால்ல, நான் மெதுவா பேசறேன்."

அந்த அம்மாவுக்கும் ஒரு சந்தேகம் வந்தது. "சார், நீங்கதானே ஓட்டறீங்க? வலது பக்கம் உக்கார்ற உங்களுக்கு இடது பக்க சீட்டு எப்படி இருந்தா என்ன?"

மனு சார் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்துவிட்டு வெளியே வந்துவிட்டார். இடப்பாகம் யாருக்கு என்று திருவண்ணாமலைக்காரனுக்கு யாராவது சொல்லித்தர வேண்டுமா? எனக்குச் சிரிப்பு வந்தது.

ஒரு பௌர்ணமி அன்று சாயங்காலம், டீச்சர் பாத்ரூமில் வழுக்கி விழுந்தார். எதிர் வீட்டிலிருந்து நான் ஓடிப்போய்ப் பார்த்தபோது முழங்காலுக்குக் கீழே கால் கோணலாக வீங்கியிருந்தது. பாதத்தைத் தொட்டேன், ஐஸ் மாதிரி சில்லென்று இருந்தது. போனில் கேட்ட டாக்டர், "பாதம் சில்லுன்னு இருந்தா லேட் பண்ணாதீங்க, ரத்தம் ஓடலன்னா காலுக்கே ஆபத்து" என்றார். ஆம்புலன்ஸ் கிரிவலக் கூட்டத்துக்கு அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டிருந்தது.

"வலிக்குதாம்மா?" என்று கேட்டார் சார்.

"இல்லீங்க. ஒண்ணும் இல்ல" என்றார் டீச்சர். முகம் வெளிறி வியர்த்துக் கொட்டியது.

அந்தத் தாழ்ந்த சீட்டில் அவரை இறக்கி உட்கார வைப்பதற்குள் எங்களுக்கு உயிர் போய்விட்டது. சீட்டைப் பின்னால் சாய்த்து, காலுக்குத் தலையணை கொடுத்தோம். தெருமுனையில் போலீஸ்காரர் தடுப்பை நகர்த்தி, "மெதுவா போங்க, ஜனம் ஜாஸ்தி" என்றார். எதிரே சாலை முழுக்கத் தலைகள். அரோகரா சத்தத்தில் எங்கள் ஹாரன் எடுபடவே இல்லை. வண்டிக்கோ சத்தமில்லை. முதுகுக்குப் பின்னால் கார் வருவது யாருக்கும் தெரியவில்லை. நான் இறங்கி முன்னால் நடந்தபடி, "வழி விடுங்க, வழி விடுங்க" என்று கத்தினேன்.

அதுதான் வினையாகப் போயிற்று. ஒரு பெண் திரும்பிப் பார்த்தார். சத்தமே இல்லாமல் நகரும் வண்டி, முன்னால் ஒருவன் கட்டியம் கூறிக்கொண்டு போகிறான், உள்ளே தலைமுடி அவிழ்ந்து கண்ணை மூடிச் சாய்ந்திருக்கும் ஒரு வயதான அம்மாள்.

"இன்ஜினே இல்லாம வண்டி போவுது பாருடி. உள்ள யாரோ சித்தரம்மா" என்றார் அவர்.

கிரிவலத்தில் சித்தர்கள் நடமாடுவார்கள் என்று நம்பி வருகிற கூட்டம் அது. வேறென்ன வேண்டும்? ஒருவர் பானெட்டில் கற்பூரம் ஏற்றினார். இன்னொருவர் சக்கரத்துக்கு முன்னால் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். வண்டி நின்றுவிட்டது. "ஆஸ்பத்திரிக்குப் போறோம்" என்று கத்தினேன். "ஆஸ்பத்திரியில யாரையோ எழுப்பி உக்கார வெக்கப் போறாங்களாம்" என்று அது பின்னால் பரவியது. ஜன்னல் வழியாகக் கைகள் நுழைந்தன. "தாயே, பையனுக்கு இன்னும் பொண்ணு அமையல." "அம்மா, பட்டா மாறவே மாட்டேங்குது."

நான் ஜன்னல் பக்கம் வந்து குனிந்து டீச்சர் பாதத்தைப் பார்த்தேன். விரல்கள் நீலமாகிக்கொண்டிருந்தன.

மனு சார் கதவைத் திறந்து, அவர் எப்போதும் திட்டும் அந்த உயரமான படிமேல் ஏறி நின்றார். பட்டா என்ற வார்த்தை அவரை எங்கேயோ தொட்டிருக்க வேண்டும். திங்கட்கிழமைக் குரல் வந்துவிட்டது.

"எல்லாரும் அமைதியா இருங்க. யார் மனுவும் வுட்டுப் போவாது. ஆம்பளைங்க வலது பக்கம், பொம்பளைங்க இடது பக்கம். ரெண்டே வரிசை. நடுவுல ஒருத்தரும் நிக்கக் கூடாது."

மனு கொடுத்துப் பழகிய ஜனம். கீழே விழுந்து கிடந்தவர்கூட எழுந்து வரிசையில் சேர்ந்துகொண்டார். நடுவில் லேசாக ஒரு பாதை தெரிந்தது.

"இப்ப ஒவ்வொருத்தரா குறையைச் சொல்லலாம். முதல்ல யாரு?" என்றார், பழக்கதோஷத்தில்.

காருக்குள்ளிருந்துதான் குரல் வந்தது.

"நான்தாங்க. கால் ரொம்ப வலிக்குது. என்னால தாங்க முடியல."

மனு சார் படியிலேயே தடுமாறி, கூரையைப் பிடித்துக்கொண்டார். எத்தனையோ பேர் குறையை முகம் மாறாமல் கேட்டவர், அன்று தெருவில் நின்று அழுதார். "கேட்டீங்களா? முதல் மனு வந்துடுச்சி. என் வீட்டுக்காரம்மா. வழி வுடுங்க."

சித்தரம்மா என்று சொன்ன பெண்தான் முதலில் பக்கத்திலிருந்தவர் கையைப் பிடித்து இழுத்தார். வரிசையில் நின்றவர்கள் கைகோத்துக்கொண்டார்கள். "வழி, வழி" என்ற சத்தம் எங்களுக்கு முன்னால் ஓடியது. சார் ஸ்டியரிங்கில் உட்கார, நான் பின்னால் ஏறிக்கொண்டேன். வண்டி அந்த நடுப்பாதையில் மெல்லப் போய், பிறகு வேகம் எடுத்தது. எங்கே, எப்படி வலிக்கிறது என்று டீச்சர் வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார். ஆஸ்பத்திரியிலும் விடாமல் சொன்னார். நல்ல நேரத்தில் வந்தீர்கள் என்று சொல்லி ஆபரேஷன் செய்து காலைக் காப்பாற்றினார்கள்.

வலியை வாயால சொல்லிவிட்டதால், பிறகு தேய்ந்த முழங்கால் இரண்டையும் டாக்டர் மாற்றிவிட்டார்; இப்போது டீச்சர் வாக்கர் இல்லாமல் நடக்கிறார். வாயும் திறந்துவிட்டது. சீட்டு தாழ்வு, ஏசி காற்று முழங்காலில் அடிக்கிறது, சார் பிரேக் போடுவது சரியில்லை. திங்கட்கிழமை ஷோரூமுக்கு இரண்டு பேரும் சேர்ந்தே போகிறார்கள். டீச்சர் குறை சொல்லச் சொல்ல, சார் பக்கத்தில் வாயெல்லாம் பல்லாக உட்கார்ந்திருக்கிறாராம்.

அந்த வண்டியைப் பற்றி எனக்கும் ஒரு குறை உண்டு. கிளம்பும்போது சத்தமே போடுவதில்லை. அதனால் திங்கட்கிழமை காலையில் வேலையை எல்லாம் விட்டுவிட்டு, அவர்கள் போவதைப் பார்க்க நான் ஜன்னலோரமே உட்கார்ந்திருக்க வேண்டியிருக்கிறது.