கழுத்துச் சாய்ந்த மரத்தின் பழைய விலாசம்

கப்பலில் இருக்கும் என் மகனுக்கு, கரையில் இருக்கும் அப்பா ஆசீர்வாதத்தோடு சொல்லச் சொல்ல எழுதியது. இங்கே எல்லோரும் சாப்பிடுகிறோம், தூங்குகிறோம்; உன் மனைவி மட்டும் பதினொரு நாளாக என்னோடு பேசுவதில்லை. அங்கே நீயும் உன் கப்பலும் நல்லபடியாக மிதந்துகொண்டிருக்க வேண்டும். எனக்கு எழுத்து வராது என்பது உனக்குத் தெரியும், அதனால் எழுதுகிறவர் கீழ்வீட்டுத் தையல்காரர். போனில் சொல்லியிருக்கலாமே என்பாய். போன் உன் மனைவி கையில் இருக்கிறது. அவள் பக்கத்துக் கதையை நீ ஏற்கெனவே கேட்டிருப்பாய், என் பக்கம் தபாலில்தான் வரமுடியும்.

விஷயம் இதுதான். நீ வாங்கின புது வீட்டின் சாவி இன்னும் கைக்கு வரவில்லை. சுவர், கதவு, குழாய் எல்லாம் தயார், மரம்தான் தடுக்கிறது. புதிதாகக் குடியிருப்பு கட்டினால் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் ஆள் உயரத்துக்கு இரண்டு மரம் உயிரோடு நிற்க வேண்டுமாம், அதை ஓர் அதிகாரி வந்து எண்ணிக் கையெழுத்துப் போட்டால்தான் சாவியாம். இருபத்துநாலு வீடு, நாற்பத்தெட்டு மரம். வீடு பார்க்கப் போன அன்றைக்கு இதை யாரும் கேட்கவில்லை, எல்லோரும் சமையலறை ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தோம், நீ பச்சைச் சட்டையில் இரண்டாவது பொத்தான் இல்லாமல் வந்திருந்தாய். இந்தப் பக்கம் வாடகை வீட்டை முப்பதாம் தேதிக்குள் காலி செய்ய வேண்டும். அடுத்துக் குடிவருகிறவர் போன மாதமே டேப்போடு வந்து, நான் படுத்திருக்கும்போதே கட்டிலைச் சுற்றி அளந்தார். "பெரியவரே, காலைக் கொஞ்சம் மடக்குங்க, இங்கதான் எங்க பீரோ வருது" என்றார். மடக்கினேன். அன்றிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

வீட்டில் உட்கார்ந்தால் பீரோ ஞாபகம் வருகிறது என்று தினமும் காலையில் புதுக் குடியிருப்புக்கு நடந்தேன். அங்கே ஒரு மேற்பார்வையாளர், எதைக் கேட்டாலும் "ஆச்சு, எல்லாம் ஆச்சு" என்பார், அதனால் அவருக்குப் பேரே ஆச்சு. முதல் வரிசை எட்டு வீட்டுக்கும் பதினாறு மரம் வைத்திருந்தார். வேரைச் சுற்றிச் சாக்கு கட்டினபடியே குழியில் இறக்கி மேலே மண் தூவியிருந்தது. "சாக்கப் பிரிக்கலையா?" என்றேன். "அது தன்னால மக்கிடும் பெரியவரே." சரி என்று நானே வாளி எடுத்துத் தண்ணீர் ஊற்றினேன், ஊற்றினால் பழக்கமாகிவிடும் அல்லவா, ஒவ்வொன்றாக முகம் பதிந்துவிட்டது. முதல் திங்கட்கிழமை அதிகாரி வந்து முதல் வரிசையை எண்ணிக்கொண்டு போனார். அடுத்த திங்கட்கிழமை இரண்டாம் வரிசை. முதல் எண்ணிக்கைக்குப் பிறகு இரண்டு வாரமும் எனக்குப் பல்வலி, போகவில்லை. என் வாழ்நாளில் அந்தப் பல் செய்த கெடுதலை வேறு யாரும் செய்ததில்லை. போயிருந்தால் தெரிந்திருக்கும்.

மூன்றாம் திங்கட்கிழமை நம்முடைய வரிசை. நானும் உன் மனைவியும் போய்ச் சேரும்போதே அதிகாரி பதினேழாம் நம்பர், நம் வாசலில் நிற்கிறார். நான் அவரைப் பார்க்கவில்லை, மரத்தைத்தான் பார்த்தேன். கழுத்து இடதுபக்கம் சாய்ந்து, நீலக் கயிறு அறுத்த தழும்போடு நிற்கிறது. வெளியூரில் தெரிந்த ஆளைப் பார்த்த மாதிரி இருந்தது எனக்கு. "அட, நீயா. நாலாம் வீட்டு வாசல்லதானே நின்னே, இங்க எப்ப வந்தே?" என்று கேட்டுவிட்டேன். ஆச்சு இருமினார். அதிகாரி திரும்பி, "ஐயாவுக்கு இந்த மரத்தத் தெரியுமா?" என்றார் மரியாதையாக. இந்த வயதில் என்னை யார் எதைக் கேட்கிறார்கள் சொல். "இத மட்டுமா, எல்லாத்தையும் தெரியும்" என்று கூடவே நடந்தேன். இது மூன்றாம் வீடு, புழு துளைத்த ஓட்டை இருக்கும் பாருங்கள், இருந்தது. இது ஆறாம் வீடு, மூன்றாவது கிளையில் ஆணி அடித்திருக்கும், இருந்தது. பதினாறுக்கும் பழைய விலாசம் சொன்னேன். அவர் எழுத எழுத எனக்கு இன்னும் தெளிவாக ஞாபகம் வருகிறது. உன் மனைவி பின்னாலிருந்து சட்டையைப் பிடித்து இழுத்தாள், ஏதோ அழுக்கைத் தட்டிவிடுகிறாள் என்று நினைத்தேன். கடைசியில் அவர் நோட்டை மூடி, "ஆச்சா?" என்று ஆச்சுவைக் கேட்டார். அப்போதுதான் எனக்கே விளங்கியது, பதினாறு மரத்தை வைத்துக்கொண்டு வண்டியில் ஏற்றி வரிசை வரிசையாக ஓட்டியிருக்கிறார்கள்.

நாற்பத்தெட்டும் தரையில் நிற்க வேண்டும், இருபத்தெட்டாம் தேதி மொத்தமாக எண்ணுவேன், ஒன்று குறைந்தாலும் யாருக்கும் சாவி இல்லை என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். இருபத்துநாலு குடும்பமும் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே. இப்போது அங்கே என் பேர் சாட்சி. "சாட்சி வராரு, வாயை மூடுங்க" என்கிறார்கள். உன் மனைவி வீட்டுப் படியேறும்போது, "மாமா, அந்த ஞாபகத்த கொஞ்சம் வீட்டுலயே வெச்சிட்டு வந்திருக்கக் கூடாதா?" என்றாள். அதுதான் அவள் கடைசியாகப் பேசினது.

பழைய பதினாறும் முதல் வரிசைக்கே திரும்பின. பிறகு லாரியில் முப்பத்திரண்டு மரம் படுத்தபடி வந்தன. நம் வாசல் குழியை நானே தோண்டினேன், மண் எங்கே இருக்கிறது, உடைந்த ஓடு, சுவர்த்துண்டு, கம்பி, ஒரு கொத்தனாரின் ஒற்றைச் செருப்பு. எல்லாவற்றையும் அள்ளி வெளியே போட்டு, வேறிடத்து மண் சுமந்து வந்து இரண்டையும் நட்டிருக்கிறேன். தையல்காரர் மூச்சு விடச் சொல்கிறார், விட்டாயிற்று. நான் உன்னிடம் கேட்பது ஒன்றுதான். உன் மனைவிக்கு நாலு வரி எழுது. அப்பா செய்ததில் தப்பில்லை, ஏமாற்று மரத்தைக் காட்டி வாங்கின சாவியால் கதவைத் திறந்தால் அந்த வீட்டில் தூக்கம் வராது, நேர்மையாக நின்ற மனுஷனோடு பேசாமல் இருப்பது அழகில்லை என்று கொஞ்சம் அழுத்தியே எழுது. உன் கப்பலுக்கு நல்ல காற்றும் உனக்கு நல்ல சாப்பாடும் கிடைக்கட்டும், எங்கே இறங்கினாலும் காலில் செருப்போடு இறங்கு.

இப்படிக்கு,
தையல்காரர் கையால்,
உன் அப்பா.

பின்குறிப்பு: மேலே சொன்ன நாலு வரியை எழுதவேண்டாம். தையல்காரருக்குத் தைக்கிற வேலை அதிகம், இந்தக் கடிதம் மூன்று நாளாக அவர் மிஷின் மேலேயே கிடந்தது. இன்று காலையில் போய்ப் பார்த்தால் நம் வாசலில் இடதுபக்கத்து மரம் காய்ந்து விறகாக நிற்கிறது. நாளைக்கு இருபத்தெட்டு. அதிகாரி காலையில் முதல் வரிசை, சாப்பாட்டுக்கு அப்புறம்தான் நம் வரிசை. நாலாம் வீட்டை வாங்கினவர் மகள் ஊருக்குப் போயிருக்கிறார், நாலு நாள் கழித்துத்தான் வருவார், அதற்குள் அவர் வாசல் மரத்தைத் திருப்பி வைத்துவிடலாம். சாக்கு மக்கவில்லை, நல்லவேளை. ஆச்சு தள்ளுவண்டியைக் கொடுத்து, போகும் வழியையும் சொல்லிக்கொடுத்தார். இன்று மத்தியானம் ஒரு தடவை தூக்கிப் பார்த்தோம். உன் மனைவி என்னோடு பேசிவிட்டாள். "மாமா, அந்தப் பக்கம் பிடிங்க" என்றாள். சாய்ந்த கழுத்துக்கு ஒரு குச்சி கட்டி நிமிர்த்தி, தழும்பில் சேறு பூசியிருக்கிறாள், கெட்டிக்காரி. இனி அதை அடையாளம் சொல்லக்கூடிய ஆள் இந்தக் குடியிருப்பில் ஒருவன்தான். அவனுக்கு நாளைக்குப் பல்வலி.